ஐம்பத்திரண்டைத் தாண்டாத வீடு

மாதேஷ் வீட்டு ஆண்கள் ஐம்பத்திரண்டைத் தாண்டமாட்டார்கள் என்பது பாகலூர்ப் பக்கம் அந்த ஊருக்கே தெரிந்த சேதி. தாத்தா ஐம்பத்தொன்றில் போனார். பெரியப்பா ஐம்பதில் போனார். அப்பா ஐம்பத்திரண்டு வரை இழுத்துப் பிடித்தார். அந்த வீட்டில் அதுவே பெரிய சாதனை. பூங்கொடி கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இதை மாட்டுக்குச் சுழி சொல்வதுபோல அவள் காதில் போட்டாள். "அதான் தாலி கட்டிட்டாரே, இப்பச் சொல்லி என்னா பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டுப் பூங்கொடி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அதை நினைத்ததே இல்லை. நினைக்க எங்கே நேரம்? இரண்டு மாடு, ஒன்றரை ஏக்கர் ரோஜாத் தோட்டம், ஒரே பெண் ஜெயப்ரியா, ஓசூரில் ஒரு கம்பெனியின் பிரஸ் மெஷினில் வேலை பார்க்கும் புருஷன். அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுக்கொண்டே இருந்தவன் மாதேஷ்தான் என்பது அவனுக்கு நாற்பத்தொன்பது முடிகிற வருஷத்தில்தான் அவளுக்குப் புரிந்தது.

எப்படிப் புரிந்தது என்றால், அவன் அவளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினான். மோட்டார் ஓடாவிட்டால் எந்த ஒயரைப் பார்க்க வேண்டும், பூச்சிமருந்துக் கடைக்காரன் எதில் ஏமாற்றுவான், பேங்கில் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று தினம் ஒன்று. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவனின் முகம் அவனுக்கு வந்துவிட்டது. "ஏன் மாமா, எங்கியாச்சும் ஊருக்குப் போறியா?" என்று அவள் கிண்டல்கூடச் செய்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை. இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவன் முகம்கூடக் கழுவாமல் சொன்னான்.

"குருபரப்பள்ளில ஒரு வரன் வந்திருக்குது. பையன் பேரு பிரதாப். ஹைவேல சொந்தமா ஓட்டல் வச்சிருக்கறான். வர்ற தையில நம்ம ஜெயப்ரியாவ முடிச்சிடலாம்."

பூங்கொடி பால் செம்பைக் கீழே வைத்தாள். "பொண்ணுக்குப் பத்தொம்பது ஆவுது. காலேஜ்ல மொத வருஷம் இப்பத்தான் முடிச்சிருக்கறா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதே."

"ரெண்டு வருஷம்" என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "என் கல்யாணத்துல எங்கப்பா இல்ல. எங்கப்பா கல்யாணத்துல அவங்கப்பா இல்ல. எம்பொண்ணு கல்யாணத்துக்காச்சும் நான் நின்னு தாரை வாக்கணும் பூங்கொடி. வேற ஒண்ணும் கேக்கல நானு."

அவளுக்குக் கோபம் வாய்வரை வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் வந்த கோபம் வந்த வழியே திரும்பிவிட்டது. கெட்ட எண்ணத்தில் பேசுகிறவனோடு மல்லுக்கு நிற்கலாம். இவன் பெண்மீது உயிரை வைத்துக்கொண்டு அவள் படிப்பில் மண்ணைப் போடுகிறான், இவனை என்ன செய்வது? உள்ளே ஜெயப்ரியா புத்தகத்தைத் தொப்பென்று அலமாரியில் போடும் சத்தம் கேட்டது. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண். புத்தகத்தின்மேல்தான் அவள் கோபம் போகும்.

அந்தக் குடும்பத்தில் எதையும் வேடியப்பனைப் பூக் கேட்காமல் செய்வதில்லை. தோட்டத்தைத் தாண்டிப் பாறைக் குன்றின்மேல் வேடியப்பன் இருக்கிறார். பூசாரி கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு வலது பக்கம் ஒரு அரளிப்பூ, இடது பக்கம் ஒரு அரளிப்பூ ஒட்டி வைப்பார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு எல்லாரும் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். வலதுபக்கப் பூ முதலில் விழுந்தால் சரி, இடதுபக்கப் பூ விழுந்தால் கூடாது. கிணறு வெட்டியதும் பூக் கேட்டுத்தான், மாதேஷ் கம்பெனி வேலைக்குப் போனதும் பூக் கேட்டுத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை குன்றேறினார்கள். மாதேஷின் அக்கா பாப்பம்மாளும் வந்திருந்தாள். அறுபதை நெருங்குகிற பாப்பம்மாள் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டே விடுவிடுவென்று மேலே போய்விட்டாள். மாதேஷ் பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். தலை முழுக்க நரை, கண்ணுக்குக் கீழே பை, தோளெலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நின்றது. அவனைத் தினம் பார்க்கிறவள்தான் பூங்கொடி. அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது.

"இந்த வருஷத்துல பொண்ணு கல்யாணம் பேசலாமா வேடியப்பா?" என்று கேட்பான் என்று அவள் நினைத்தாள். அவன், "குருபரப்பள்ளிச் சம்பந்தத்துல எம்பொண்ணக் குடுக்கலாமா சாமீ?" என்று மட்டும் கேட்டான். கேட்டு வாயை மூடுமுன் வலதுபக்கப் பூ பொத்தென்று விழுந்தது. பாப்பம்மாள் குலவையிட்டாள். வேடியப்பனுக்கு அவ்வளவு அவசரம் ஆகாது என்று பூங்கொடி மனசுக்குள் ஒரு முறை முறைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பூங்கொடிக்கு எரிச்சலாக இருந்தது. பிரதாப் தலை குனிந்தபடி காராச்சேவு தின்றான். அவன் அம்மா எழுந்து கூடத்துச் சுவரில் மாலை போட்டிருந்த மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தாத்தா, பெரியப்பா, அப்பா. கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"பெரியவங்க எல்லாம் நெறைவா வாழ்ந்து போனவங்க போல. எல்லாம் கல்யாணச் சாவுதானுங்களே? எழுபது எழுபத்தஞ்சு இருக்குமா?"

மாதேஷ் தொண்டையைச் செருமினான். "ஆமாங்க, அப்பிடித்தான்" என்று பாப்பம்மாள் முந்திக்கொண்டு ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

பூங்கொடி மட்டும் காபித் தட்டோடு அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிதோறும் துடைத்துப் பொட்டு வைக்கிற படங்கள். குழி விழுந்த கன்னம், வெளுத்த தலை, ஒடுங்கின மார்பு. அந்த அம்மா சொன்னதில் என்ன தப்பு? யார் பார்த்தாலும் எழுபது என்றுதான் சொல்வார்கள். இவர்கள் யாரும் இளவயதில் சாகவில்லை, ஐம்பதுக்குள் கிழவர்களாகித்தான் செத்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சட்டென்று உறைத்தது. எமன் ஒன்றும் அவசரப்பட்டு வரவில்லை. இவர்கள்தான் அவசர அவசரமாகக் கிழவராகி அவன் வரும்போது தயாராக நின்றிருக்கிறார்கள். ஏன்?

விருந்தாளிகள் போனபிறகு பாத்திரம் துலக்கும்போது பாப்பம்மாளிடம் அதையே கேட்டாள். "அண்ணி, மாமனாரு எப்பிடி இருப்பாரு? ஒரு நாளு முழுக்க என்னா பண்ணுவாரு?"

பாப்பம்மாளுக்கு அப்பா பேச்சென்றால் போதும். "எங்கப்பனா? ராத்திரில பூ லாரி ஏறி பெங்களூரு மார்க்கெட்டுக்குப் போனாருன்னா காலைல வந்து எறங்குவாரு. எறங்கனதும் தோட்டம். பொழுது சாய லாரி. உக்காந்து ஒரு வாய் சோறு தின்னு நான் பாத்ததில்ல. பீடிதான் அவருக்குச் சோறு."

"தூங்க மாட்டாரா?"

"தூக்கமா?" பாப்பம்மாள் கரிக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பெருமை முகத்தில் வழிந்தது. "இந்த வூட்டு ஆம்பளைங்க தூங்கி எவன் பாத்தான்? எங்க தாத்தனும் அப்பிடித்தான். ராத்திரியெல்லாம் புளி வண்டி ஓட்டுவாராம், பகலெல்லாம் ஏராம். சோம்பேறிதான் படுத்துத் தூங்குவான் பூங்கொடி. நம்ம மாதேஷும் அதே ரத்தம்."

"நீ?"

"எனக்கென்னா? வெளக்கு வச்சிச் சோத்தத் தின்னா படுத்துடுவேன். பொம்பளைக்கு எதுக்கு அந்த வேல?"

பூங்கொடி பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். ஒரே அப்பனுக்குப் பிறந்த அக்காவும் தம்பியும். அக்கா குன்றேறிப் போகிறாள், எட்டு வயது இளையவன் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான். ரத்தம் ரத்தம் என்கிறார்களே, அந்த ரத்தம் இவளிடம் ஏன் வேலையைக் காட்டவில்லை?

பத்து நாள் கழித்து ஒரு காலை கம்பெனி பஸ் வரவில்லை, ஒரு பைக் வந்தது. ஓட்டி வந்தவன் ரெக்ஸ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், மாதேஷோடு ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவன், இந்த வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸ் கேக்கோடு வருகிறவன். பின்னால் மாதேஷ் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"மதினி, பதறாதீங்க. ஒண்ணும் ஆகல, கை தப்பிச்சிட்டு" என்றான் ரெக்ஸ். "மெஷின் முன்னால நின்னுக்கிட்டே தூங்கிட்டான். கை உள்ள போகப் போச்சு. நான் பக்கத்துல நின்னதால சட்டையப் பிடிச்சி இழுத்துட்டேன். இல்லன்னா நாலு விரலும் போயிருக்கும்."

பூங்கொடி புருஷனின் இரண்டு கையையும் பிடித்து விரல்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. மாதேஷ் கையை உருவிக்கொண்டு போய்க் கட்டிலில் விழுந்தான், விழுந்த மறுநொடி குறட்டை விட்டான்.

ரெக்ஸுக்குக் காபி கொடுத்தாள். வாட்டசாட்டமான ஆள், தலையில் அங்கங்கே நாலு நரை. "கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் மதினி. புதுசா வந்த நர்ஸ் பொண்ணு, 'உங்க அப்பாவா சார்'னு கேக்கா" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். "இவன விட நான் ஏழு மாசம் மூப்பு."

"நைட் ஷிப்ட்டே போட்டுக் கொல்றாங்களேண்ணா கம்பெனில. பகல் ஷிப்ட்டுக்கு மாத்தக் கூடாதா?"

ரெக்ஸ் டம்ளரைக் கீழே வைத்தான். "கம்பெனி எங்க போடுது? எல்லாருக்கும் வாரம் ஒரு ஷிப்ட் மாறும். இவன்தான் 'உன் நைட்ட எனக்குக் குடு, என் பகல நீ எடுத்துக்க'ன்னு ஒருத்தர் விடாம வாங்கிக்கிடுதான். பதினாறு வருஷமா இவன் பகல்ல வந்து நான் பாத்ததே இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவளுக்குத் தெரியாது. "கம்பெனில போடறாங்க, என்னா பண்றது?" என்று பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தவனை நம்பி, பாவம் புருஷன் என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"எங்கப்பாவும் நாப்பத்தெட்டுல போயிட்டாரு மதினி, நெஞ்சு வலில" என்று ரெக்ஸ் எழுந்தான். "அதான் நான் வருஷா வருஷம் ரத்தம் பாத்துக்கிடுதேன். மாத்திரை போடுதேன், நடக்கேன். பிரியாணிய மட்டும் விட முடியல. நீங்க இவன ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க."

சாயங்காலம் எழுந்த மாதேஷிடம் அவள் சத்தம் போடவில்லை. பூங்கொடி சத்தம் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். "ஏன் மாமா பொய் சொன்ன?" என்றாள்.

"ராத்திரி கம்பெனின்னாத்தான் பகல்ல தோட்டம் பாக்க முடியும். எனக்கு இருக்கறதே கொஞ்ச வருஷம். மத்தவன் எழுவது வருஷத்துல செய்யறத நான் அம்பதுக்குள்ள செய்யணும்ல? தூங்கிக்கினு இருந்தா ஆவுமா?"

பூங்கொடிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சீக்கிரம் சாவோம் என்று பயந்து தூங்காமல் உழைக்கிறான். தூங்காமல் உழைத்தே சீக்கிரம் சாகப் போகிறான். இவன் அப்பனும் பெரியப்பனும் இதையேதான் செய்திருப்பார்கள். ஐம்பத்திரண்டு என்கிற அந்தப் பேச்சுத்தான் இந்த வீட்டு ஆண்களை ஒருத்தர் பின் ஒருத்தராகத் தின்றிருக்கிறது. இன்னொன்றும் விளங்கியது. இப்போது இவனை நடமாட வைத்திருப்பது பெண் கல்யாணம் ஒன்றுதான். தையில் அது முடிந்தால், வேலை முடிந்தது என்று இவன் படுத்துவிடுவான். கல்யாணம் நடந்தால் பெண் படிப்பு மட்டுமா போகும்? புருஷனும் போவான். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்: இந்தத் தையில் இந்த வீட்டில் கல்யாணம் கிடையாது.

மறுநாள் ஓசூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஜெபமணி நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், மூன்றாம் நாள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"பரம்பரையா வர்றது இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரத்தத்துல கொழுப்பு ஏறுறது உங்க குடும்பத்துலயே இருக்கும்னு தோணுது. பிரஷரும் இருக்கு. ஆனா ரெண்டுக்கும் நல்ல மாத்திரை இருக்கு. உங்க அப்பா காலத்துல யாரும் பார்த்துச் சொல்லலை, இப்ப நாம பாத்துட்டோம். அதுக்கு மேல பீடி, தூக்கமில்லாம ராத்திரி வேலை, நேரத்துக்குச் சாப்பிடாதது. இதெல்லாம் சேர்ந்து உங்க உடம்பை வயசுக்கு மேல கிழமாக்கிடுச்சு. இதைப் பரம்பரைமேல போடாதீங்க. இது நீங்க செய்யறது, நீங்க நிறுத்தலாம்."

"நான் இன்னும் எத்தினி வருஷம் இருப்பேன் மேடம்?"

"நான் ஜோசியம் பாக்கறதில்லைங்க" என்றார் டாக்டர்.

பாகலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மாதேஷ் பெருமூச்சு விட்டான். "பாத்தியா, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, ரத்தத்துலயே இருக்குதுன்னு."

பூங்கொடி ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்று பார்த்தாள். "மீதியச் சொன்னாங்களே, அத எந்தக் காதுல வாங்கின?"

"எல்லாம் கல்யாணம் முடியட்டும். அப்பறம் மாத்திரையும் போடறேன், நைட்டும் வுடறேன்" என்றான் அவன். மாத்திரைப் பையைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டான். அங்கேயே இருந்தது அது. கையை மெஷினிலிருந்து இழுத்து நாலு நாள்கூட ஆகவில்லை, திரும்பவும் இரவு பஸ் ஏறினான்.

பூங்கொடி கெஞ்சிப் பார்த்தாள். திட்டினாள். ஒரு வேளை சோறு வைக்காமல் இருந்தாள். அவன் பாட்டுக்கு டீக்கடையில் பன் தின்றுவிட்டுப் பஸ் ஏறினான். ஜெயப்ரியா அழுதுகொண்டே, "எனக்காக ஒண்ணும் பேசாதம்மா, அப்பாவுக்கு நிம்மதின்னா நான் கட்டிக்கறேன்" என்றாள். "வாய மூடு. நீ கட்டிக்கினா உங்கப்பா செத்துடுவாரு" என்றாள் பூங்கொடி. விளக்கிச் சொல்ல அவளுக்கு நேரமில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, வருகிற ஞாயிறு.

அதற்கு முந்தின வெள்ளி. நிச்சயத் தாம்பூலத்தை வேடியப்பன் முன்னால் வைத்துக் கும்பிட மறுபடியும் குன்றேறினார்கள். மாதேஷ் இந்த முறை இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். பூசாரி தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டார்கள். பாப்பம்மாள் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

"இருங்கண்ணி" என்றாள் பூங்கொடி. "பூசாரிண்ணா, இன்னொரு பூக் கேக்கணும். கல்லுக்குத் தண்ணி ஊத்துங்க."

"எதுக்குப் பூங்கொடி? அதான் சாமி அன்னிக்கே குடுத்துடுச்சே" என்றாள் பாப்பம்மாள்.

"அது கல்யாணத்துக்கு. இது வேற." பூங்கொடி கல்லைப் பார்த்து நின்றாள். ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "இந்த மனுஷன் அம்பத்திரண்டு தாண்டுவாரா மாட்டாரான்னு கேக்கப் போறேன். தாண்டமாட்டாருன்னு நீங்க எல்லாருமாச் சொல்றீங்க. தீத்து வச்சிச் சொல்ல வேண்டியது சாமிதானே? கேட்டுப் பாத்துடுவோம். வையுங்க பூவ."

பூசாரி மாதேஷைப் பார்த்தார், பூங்கொடியைப் பார்த்தார். கேட்டவர்களுக்குப் பூ வைக்காமல் போகக் கூடாது. செம்பை எடுத்துக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார். அரளிச் செடியிலிருந்து இரண்டு பூப் பறித்தார். வலது பக்கம் ஒன்றை ஒட்டினார். இடது பக்கத்துக்குக் கை போனது.

உண்மையைச் சொன்னால் பூங்கொடிக்கும் உள்ளுக்குள் உதறல்தான். இடது பக்கப் பூ விழுந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் நகராமல் நின்றாள்.

மாதேஷ் பாய்ந்து பூசாரியின் கையைப் பிடித்துவிட்டான். "வாணாம்! வாணாண்ணா, வைக்காதீங்க!"

"ஏன் மாமா?" என்றாள் பூங்கொடி.

"வாணாம்னா வாணாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"இடது பக்கம் வுழுந்துட்டா?" அவன் பூசாரியின் கையை விடவில்லை. "வுழுந்துட்டா நான் இங்கியே செத்துடுவேன்டி."

"வுழுந்தா என்னா? புதுசா என்னா ஆயிடும்?" அவள் அவன் எதிரே வந்து நின்றாள். "தாண்டமாட்டேன், தாண்டமாட்டேன்னு இத்தினி வருஷமாத் தெரிஞ்சவன் மாதிரிப் பேசின. அதுக்காகத் தூக்கத்த வுட்ட. பொய் சொன்ன. பொண்ணு படிப்ப நிறுத்தப் பாத்த. அவ்ளோ நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா பூவப் பாத்து எதுக்குப் பயப்படற? உனக்கும் தெரியாது மாமா. தெரியாததுக்குத்தான் பயப்படற. உனக்கு இருக்கணும்னு ஆசை இருக்குது. எனக்குத் தெரியும், உனக்கு ஆசை இருக்குது!"

மாதேஷ் பூசாரியின் கையை விட்டான். அப்படியே பாறையில் குந்தி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். ஆளான ஆம்பிளை, ஊர்ப் பஞ்சாயத்தில் கணீரென்று பேசுகிறவன், சின்னப் பையன் மாதிரி விக்கி விக்கி அழுதான். "இருக்கணும் பூங்கொடி" என்றான். "எனக்கு இருக்கணும். ஆசையாத்தான் இருக்குது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் குன்றேறி வந்திருந்தாள். அவன் தோளில் கை வைத்தாள். "அப்போ நாம பூக் கேக்க வாணாம். செய்ய வேண்டியதச் செய்வோம். மாத்திரையப் போடு. பீடியத் தூக்கிப் போடு. உன் ஷிப்ட்டு எதுவோ அதுக்குப் போ, மத்தவன் ராத்திரிய வாங்காத. பாதித் தோட்டத்த யாருக்காச்சும் பங்கு வாரத்துக்கு வுட்டுடுவோம், மீதிய நான் பாத்துக்கறேன். வந்தாப் படுத்துத் தூங்கு. அப்பவும் அம்பத்திரண்டுல போனின்னா, போ, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். ஒண்ணுமே செய்யாமப் போறதுக்கு நான் வுட மாட்டேன்."

பாப்பம்மாள் மூக்கைச் சிந்தினாள். ஆனாலும் வழக்கத்தை விட அவளுக்கு மனசில்லை. "அதெல்லாஞ் சரி. சாமி கல்யாணம் பண்ணச் சொல்லி வாக்குக் குடுத்துடுச்சே, அத மீறலாமா?"

"யாரு மீறறது? பண்ணத்தான் போறோம்" என்றாள் பூங்கொடி. "இந்தச் சம்பந்தத்துல குடுக்கலாமான்னுதானே உங்க தம்பி கேட்டாரு? எப்பன்னு கேட்டாரா?"

பாப்பம்மாள் பூசாரியைப் பார்த்தாள். பூசாரி கையிலிருந்த பூவைத் தட்டில் போட்டுவிட்டு யோசித்தார். "வருசம் கேக்கல. அது வாஸ்தவந்தான்" என்றார்.

மாதேஷ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். கீழே யாரோ ஸ்பிரேயர் ஓட்டும் சத்தம் வந்தது. பிறகு யாரும் சொல்லாமலேயே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். பிரதாப்பின் அப்பா நம்பரைத் தேடி அழுத்தினான்.

"வணக்கங்க, பாகலூர்லருந்து மாதேஷ் பேசறேன். நல்லா இருக்கறேங்க. ஞாயித்துக்கெழம நிச்சயம் வாணாங்க, கோச்சுக்காதீங்க. இல்லைங்க, ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல. பொண்ணு படிச்சி முடிக்கட்டும். தம்பி காத்துக்கினு இருக்கறதா இருந்தா சந்தோஷம், இல்லன்னா அதுவும் சரிங்க. ரெண்டு வருஷம்."

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது இங்கே நின்றவர்களுக்கே கேட்டது. ஏன், எதற்கு என்று நிறையக் கேள்விகள். மாதேஷ் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றான். கடைசியில் அவர் என்னவோ கேட்டார், அதற்கு மட்டும் அந்த ஆமாங்க போதவில்லை. அவன் சொல்லியிருந்தது அவருக்கு நினைவிருந்தது போலும்: சீக்கிரம் முடிக்கணும், நான் நின்னு தாரை வார்க்கணும் என்று அவன்தானே இவ்வளவு நாள் அவரை அவசரப்படுத்தினான்? இரண்டு வருஷம் கழித்து யார் நிற்பார்கள் என்றுதான் அவர் கேட்டிருக்க வேண்டும்.

மாதேஷ் பூங்கொடியைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நான் இருப்பேங்க" என்றான்.

காற்றில் சரியாகக் கேட்கவில்லை போல. அந்தப் பக்கம் "என்னங்க? என்னா சொன்னீங்க?" என்று கத்தினார்கள்.

மாதேஷ் பாறையிலிருந்து எழுந்து நின்றான். போனை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னான். "நான் இருப்பேன்னு சொல்றேங்க. நான் இருப்பேன்."